துரை கட்டிலில் மாரியம்மா

கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணியின் பாக்கார் ஆராங் பகுதியில் உமாராணி இருந்த வீட்டிலிருந்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் கிளம்பினால், அதற்குக் கல்யாணமோ கருமாதியோ கோர்ட்டுக் கேஸோ காரணமாக இருந்தாக வேண்டும். சும்மா ஊர் பார்க்க, அதுவும் தன்னந்தனியாக, அதுவும் கல்யாணமாகாத முப்பத்தாறு வயதுப் பெண் கிளம்புவது அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத குற்றம்.

"யார் செத்துட்டா?" என்றான் அண்ணன் தயாளன்.

"யாரும் சாகல அண்ணே. லீவு போட்டிருக்கேன். ஹாஸ்டல்ல தங்கித் தங்கி நாலு ஊரப் பாத்துட்டு வரேன்."

"ஹாஸ்டலா? நீ என்ன ஃபார்ம் ஃபைவ் படிக்கிற பிள்ளையா?"

அடுப்படியிலிருந்து அண்ணி மாலாவின் குரல் வந்தது. "அப்ப பிள்ளைங்கள டியூஷனுக்கு யாரு ஏத்திட்டுப் போறது?"

வீட்டின் உண்மையான கவலை வெளியே வந்துவிட்டது. உமாராணி கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவள் கண்ணைக் காட்டினால் ஒரு வரிசை இயந்திரமே நின்றுவிடும். வீட்டிலோ டிரைவர், சமையல்காரி, துணி துவைப்பவள் எல்லாம் அவளே. 'உமா இல்லன்னா இந்த வீடே நடக்காது' என்று எல்லோரும் மனதாரப் பாராட்டுவார்கள். பாராட்டி முடித்த கையோடு எச்சில் தட்டை நீட்டுவார்கள்.

இந்த முறை நீட்டிய தட்டை வாங்காமல் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

கைப்பேசியில் அவள் பார்த்துப் பார்த்து ஏங்கிய பெண்கள் பெரு நாட்டு மலையிலும் வியட்நாம் குகையிலும் நின்று சிரித்தார்கள். உமாராணியின் உலகப் பயணம் சுங்கைப்பட்டாணியில் தொடங்கி கோலா கெத்தில் வரை நீண்டது. பஸ்ஸில் கண் அசருவதற்குள் ஊர் வந்துவிட்டது. இறங்கியதும் அறிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று திருடியைப் போலச் சுற்றிலும் பார்த்தாள்.

ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துத் துரை வாழ்ந்த பங்களாதான் ஹாஸ்டல். வீட்டுக்குள்ளே 'துரை அறை', ஏர்கோனும் தேக்குக் கட்டிலும் உண்டு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகையில் வரிசையாகக் கட்டில்கள். தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசைவீடுகளின் நினைவாக அதற்குப் பெயர் 'லயம்'. அங்கே காற்றாடி சரியாகச் சுற்றாது. அதுவும் அசல் தோட்ட அனுபவத்தில் சேர்த்தி என்று விளம்பரம் பெருமையோடு சொன்னது. உமாராணிக்கு அனுபவம் வேண்டியிருக்கவில்லை. தூக்கம் வேண்டியிருந்தது. துரை அறையை எடுத்திருந்தாள்.

ஹாஸ்டல் முதலாளி யோகேந்திரன் கோலாலம்பூர்ப் பையன். தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக, துரைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி வாசலில் நின்றான். இவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"வேல கேட்டு போன் பண்ண அக்காதானே? பின்னால வாங்கக்கா. தொடப்பம், வாளி எல்லாம் அங்கதான் இருக்கு."

"வரேன் தம்பி," என்றாள் உமாராணி. "அதுக்கு முன்னாடி நான் புக் பண்ண துரை ரூம் சாவியக் குடுங்க."

யோகேந்திரன் அன்று குடித்த கோப்பியெல்லாம் முகத்துக்கு ஏறியது போல் கறுத்தான். மன்னிப்பு கேட்டான். மைலோ கொண்டுவந்தான். மறுபடி மன்னிப்பு கேட்டான். குற்ற உணர்ச்சி அதோடு தீர்ந்துவிட்டதாலோ என்னவோ, கடைசியில் இப்படிக் கேட்டான்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க மூஞ்சில ஒரு அசல் களை இருக்கு. தலையில துண்டு கட்டி, கையில ரப்பர் பால் வாளியோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எங்க பேஜுக்கு."

"எடுக்கலாமே. ஆனா வாளி வேணாம். அந்த வராந்தா நாற்காலியில உக்காந்துக்கிறேன்."

துரையின் சாய்வு நாற்காலியில் உமாராணி சாய்ந்தாள். கால் மேல் கால் போட்டாள். மைலோ கோப்பையைத் தூக்கிப் பிடித்து, தோட்டம் முழுவதையும் வேலையை விட்டு நிறுத்தப்போகிறவள் போலப் பார்த்தாள். 'மண்ணின் மகள் திரும்பினாள்' என்று எழுதி யோகேந்திரன் படத்தை ஏற்றினான். அவள் பாக்கார் ஆராங் மாடிவீட்டில் பிறந்து வளர்ந்தவள். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கெடாவில் தமிழர் ஒருவரின் படத்தைப் போட்டால் அது சொந்தக்காரர் கண்ணில் படாமல் போவது நடக்காத காரியம். பாடாங் செராய் சித்தப்பா பார்த்தார். கூலிம் மாமி பார்த்தார். சாயங்காலம் தயாளனின் கார் பங்களா வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் அம்மா மாரியம்மா.

"ஏறு காடியில," என்றான் தயாளன். "மானம் போச்சு லா. பொம்பளப் பிள்ள கால் மேல கால் போட்டுக்கிட்டு, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் அண்ணே. நல்லதுதானே."

"மாலாவுக்குத் தலவலி. பிள்ளைங்க இன்னும் சாப்பிடல."

மானத்திலிருந்து சாப்பாட்டுக்கு அவன் இவ்வளவு சீக்கிரம் வந்து சேருவான் என்று உமாராணியே எதிர்பார்க்கவில்லை.

இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் மாரியம்மா கதவைத் திறந்து இறங்கினாள். கல்யாணமாகும்வரை இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். யாரையும் கேட்காமல் முன்வாசல் படியேறி உள்ளே போனாள். யோகேந்திரன் செய்தி தெரிந்ததும் கைப்பேசியோடு பின்னால் ஓடினான்.

"ஆன்ட்டி, இந்தத் தோட்டத்துல இருந்தவங்களா? ஒங்க நினைவுகளச் சொல்லுங்க, வீடியோ எடுக்கிறேன்."

"நினைவா? கொசு. அட்டை. அவ்வளவுதான்யா." மாரியம்மா பின்பக்கக் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். "இது என்னாது?"

"லயம் ஆன்ட்டி. அசல் லயம் மாதிரியே கட்டினது. வெளிநாட்டுக்காரங்க ஆசையா வந்து தங்குறாங்க."

"இத விட்டு ஓடுறதுக்குத்தான்யா நான் கல்யாணமே கட்டினேன்," என்றாள் மாரியம்மா. "சரி, ஏர்கோன் எந்த ரூமுல?"

துரை அறையில் ஏர்கோனுக்கு நேர் கீழே கட்டிலில் நீட்டிப் படுத்தவள் அப்புறம் எழவில்லை. தயாளன் கூப்பிட்டான், கெஞ்சினான், அதட்டினான். முட்டி வலிக்கிறது என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பெண்ணைக் கூட்டிப்போக வந்தவன், இருந்த இன்னொருத்தியையும் விட்டுவிட்டு வெறும் காடியோடு திரும்பினான்.

உமாராணிக்குச் சிரிப்போடு எரிச்சலும் வந்தது. தனியாகப் போகத்தான் இத்தனை சண்டை. முதல் ஊரிலேயே அம்மாவோடு ஒரே கட்டிலில் படுத்தாயிற்று, அதுவும் போர்வை இல்லாத பக்கம்.

காலையில் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே மாரியம்மா சொன்னாள், "நீ கெளம்பு. அலோர் ஸ்டார் போறேன்னியே. நான் இங்க ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்."

"தனியாவா? இந்த வயசுலயா? ஒடம்புக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

சொல்லும்போதே தன் வாயிலிருந்து தயாளனின் குரல் வருவது உமாராணிக்குக் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒன்னும் ஆகாது," என்றாள் மாரியம்மா. "கூட வான்னு மட்டும் கூப்புடாத. வழி பூரா ஒங்கண்ணன் கதையே பேசுவ. எனக்கு அலுத்துப்போச்சு."

உமாராணிக்குக் கொஞ்சம் வலித்தது. அம்மாவுக்கும் தன்னைப் போலவே ஒருநாள் யாருமில்லாமல் இருக்க ஆசை வரலாம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. மருந்து மாத்திரையை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

அலோர் ஸ்டார் போக சுங்கைப்பட்டாணியில் பஸ் மாற வேண்டும். சொந்த ஊர் பஸ் நிலையத்தில் உலகப் பயணி ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

அலோர் ஸ்டாரின் மெர்கோங் பகுதியில் இருந்த ஹாஸ்டல் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு அவளுக்கு. ஏறும்போது உத்தரத்தில் தலை இடித்தது. கீழ்த் தட்டில் இருந்த சீனப் பெண் தலையசைத்துவிட்டுத் தன் ஷூவுக்குக் கயிறு கோக்கத் தொடங்கினாள். நீ யார், எந்த வீட்டுப் பெண், ஏன் கல்யாணமாகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வேலைநாள் மதியத்தில், யாருக்கும் எதுவும் செய்யாமல், உமாராணி படுத்துக் கிடந்தாள். கீழே டயரைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தம்கூடத் தாலாட்டு மாதிரிதான் இருந்தது.

அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ஒரு வெள்ளக்காரப் பையன் வந்திருக்கான்டி. துரை இந்த வீட்டுல யானை வளத்தாருன்னு சொன்னேன். யோகேந்திரன் மொழிபேத்துச் சொல்றான், அவன் வாயப் பொளந்து கேக்குறான். நாளைக்குப் புலி கதை சொல்லப்போறேன். என்னை எப்ப வரேன்னு யாரும் கேக்காதீங்க."

அதற்குக் கீழே தயாளனின் செய்தி: வாஷிங் மெஷினை எப்படித் திறப்பது?

உமாராணி பதிலைத் தட்ட ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, எழுதியதை அழித்தாள். ஏணியில் கவனமாக இறங்கி, சீனப் பெண்ணிடம் பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே என்று கேட்டாள்.