ஆறு மைலுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் பந்து உதைத்துச் சம்பளம் வாங்குகிறவர். இதைச் சொன்னால் எங்கள் மில்லில் இன்றைக்கும் சிரிக்கிற பெண்கள் உண்டு. "உதைக்கிறதுக்குக் கூலியா? எங்க மாமியார் வீட்டுக் கழுதையையும் சேத்துக்கச் சொல்லுடி, டார்க்கஸ்" என்பாள் பெகி. அவள் என் பக்கத்துத் தறிக்காரி, பக்கத்து வீட்டுக்காரியும்கூட. சிரிக்கட்டும். நான்கு தறிக்கு நடுவில் நின்று நான் சம்பாதிப்பதைவிட டூகல் கூடுதலாகத்தான் கொண்டுவந்தார்.

டூகல் கில்ஃபில்லன் ஸ்காட்லாந்துக்காரர். டம்பார்ட்டன் பக்கம் கப்பல் பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்த மனுஷனை, எங்கள் தார்ன்பெக் பந்தாட்டச் சங்கத்து ஆட்கள் போய் ஆசை காட்டி ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவர் இங்கே வந்து இறங்கிய வாரமே ஸ்காட்லாந்தில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் கூலிக்கு ஆடப் போனவன் இனி அங்கே எந்த மைதானத்திலும் கால் வைக்கக்கூடாது. ஆகத் திரும்பிப் போக வழியில்லை.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? ஆட்டக்காரனுக்குக் கூலி தரலாம் என்று லண்டன் கனவான்கள் அப்போதுதான் கசப்பு மருந்து குடிப்பதுபோல ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு பூட்டும் போட்டார்கள். வெளியூர்க்காரன் கூலிக்கு ஆடினால், மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் இரண்டு வருஷம் குடியிருந்த பிறகுதான் கோப்பை ஆட்டத்தில் இறங்கலாம். அதுவரை சும்மா நட்புக்கு ஆடுகிற ஆட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். கூலிக்காரன் ஊர் ஊராகத் தாவுவானாம், கனவான் தாவவே மாட்டானாம். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அந்தக் காலத்தில் கோப்பைதான் எல்லாம். நட்பு ஆட்டத்தில் ஆறு கோல் போட்டாலும் திங்கட்கிழமைக்குள் ஊர் மறந்துவிடும். கோப்பை ஆட்டத்தில் ஒன்று போட்டவனுக்குக் கள்ளுக்கடையில் ஆயுசுக்கும் பீர் கிடைக்கும். இரண்டு குளிர்காலம் டூகல் கோப்பை ஆட்டத்தைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். அன்றைக்கும் காலையில் எழுந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்ப்பார். "எதுக்குய்யா இது, ஆடவா போற?" என்றால், "தோல் காஞ்சிரும்" என்பார். அவருடைய இடத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரன் மகன் ஆடுவான். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன்.

இதற்கிடையில் நட்பு ஆட்டம் ஒன்றில் எவனோ ஆணி பூட்ஸோடு அவர் வலது முட்டியில் ஏறினான். அது முதல் சனிக்கிழமை ராத்திரியானால் முட்டி வீங்கும். நான் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். "சங்கத்துல சொல்லிடாத" என்பார். யாரிடம் சொல்வேன்? முட்டி போனவனுக்குச் சம்பளம் தர அவர்கள் என்ன மாமனா மச்சானா? அவருக்கு இருபத்தொன்பது வயசு. அந்த முட்டிக்கு அவரைவிட வயசு கூட.

வீடு சங்கம் கொடுத்தது. கமிட்டியில் இருந்த ஒருவருக்குத்தான் எங்கள் மில் சொந்தம். மலைமேல் ஹோல்டன் கிளஃபில் மில்லுக்குப் பக்கத்து வரிசை வீடுகளில் ஒன்றை டூகலுக்கு ஒதுக்கினார்கள். அங்கே வந்த இடத்தில்தான் என்னைப் பார்த்தார், கட்டிக்கொண்டார். சங்கத்துச் செயலாளர் என்ட்விசில் அப்போதே சொன்னார்: "நாங்களே அளந்து பாத்துட்டோம்மா. ஆறு மைலுக்குள்ள தாராளமா இருக்கு."

இருந்தது. அந்தக் கோடை வரைக்கும் இருந்தது.

அந்தக் கோடையில் சங்கத்துக்குப் பவிசு வந்துவிட்டது. பழைய மைதானம் சேறாம். ஊரின் அந்தக் கோடியில், ரயிலடிக்குப் பக்கத்தில் புது மைதானம் போட்டார்கள். மரப்படி வைத்த கூடாரம், அதில் கமிட்டிக்காரர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி, திறப்பு விழாவுக்குப் பித்தளை வாத்தியம். என்ட்விசில் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு திரிந்தார். நானும் போய்க் கைதட்டினேன். எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மைதானம்தான் தள்ளிப்போயிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்டோபரில் டூகலுக்கு இரண்டு வருஷம் முடிந்தது. முதல் கோப்பை ஆட்டம் ஹேசல்டன்காரர்களோடு, எங்கள் மைதானத்தில். மில் மதியத்தோடு விட்டதும் நானும் பெகியும் கட்டைச்செருப்பு தடதடக்க ரயிலைப் பிடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கயிற்றோரம் இடம் பிடித்து, கையில் சூடான உருளைக்கிழங்குப் பணியாரத்தோடு நின்றேன். இரண்டு வருஷமாக வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது.

எதிரே கூடாரத்தில் ஹேசல்டன் செயலாளர் கிரிம்ஷா, தன் ஆள் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தான். நாங்கள் நெசவுக்காரிகள். முந்நூறு தறி ஓடுகிற கொட்டகையில் காது எதற்கு உதவும்? உதட்டை அசைத்தே பேசுவோம், உதட்டைப் பார்த்தே கேட்போம். கொட்டகையின் அந்தக் கோடியில் ஒருத்தி தன் மாமியாரைத் திட்டினால் இந்தக் கோடியில் நாங்கள் சிரிப்போம். வெளியே வந்தாலும் இந்தப் பழக்கம் போகாது. கிரிம்ஷா மீசை வைக்காதவன். வாய் பளிச்சென்று தெரிந்தது.

"அந்த ஸ்காட்லாந்துக்காரன் ஆடட்டும், மூச்சு விடாதீங்க" என்றது அந்த வாய். "மைதானம் தள்ளிப்போனதுல அவன் வீடு ஆறு மைலுக்கு வெளிய போயிருச்சு. இந்த மடப்பயலுக அளக்கவே இல்ல. நாம ஜெயிச்சா சரி, தோத்தா மனு போட்டுக்கலாம்."

கையிலிருந்த பணியாரத்தைப் பெகியிடம் திணித்துவிட்டு ஓடினேன். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிற கொட்டகை வாசலில் என்ட்விசில் நின்றிருந்தார்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க உடுப்பு மாத்துற இடம்."

"ஐயா, என் வீட்டுக்காரர இறக்காதீங்க. எங்க வீடு ஆறு மைலுக்கு வெளிய இருக்காம். கிரிம்ஷா மனு போடப் போறான்."

"அவன் உங்கிட்ட வந்து சொன்னானாக்கும்?"

"அவன் ஆளுகிட்டச் சொன்னான். வாயப் பாத்தேன்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு கமிட்டிக்காரர்களையும் கூப்பிட்டு, "கேட்டீங்களா, கில்ஃபில்லன் சம்சாரம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வாயப் படிச்சிருக்கு" என்றார். அவர்களும் சிரித்தார்கள்.

"சிரிங்க. புது மைதானத்துல இருந்து அளந்தீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. அளக்கவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு மில்காரி கேட்டு, தான் கட்டிய மைதானத்தைத் தானே குற்றம் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு வருமா? "புருஷனுக்கு இன்னிக்கு நல்ல நாளு. அதக் கெடுக்காம போய் வேடிக்க பாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கதவைச் செருப்பாலேயே உடைக்க வேண்டும்போல இருந்தது.

நான் கயிற்றுக்குத் திரும்புவதற்குள் ஆட்டக்காரர்கள் இறங்கிவிட்டார்கள். டூகல் வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் சின்னப் பையன் மாதிரி கையை ஆட்டினார். நான் உதட்டை நன்றாக விரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: ஆடாத. வீடு ஆறு மைலுக்கு வெளிய. மனு போடுறாங்க. வெளிய வந்துரு. ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் செய்தவர், எங்கள் பேச்சு அவருக்கு முக்கால்வாசி புரியும். ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மழையில் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் ஆட்டம் பார்க்கவில்லை. கிரிம்ஷாவைத்தான் பார்த்தேன். அந்த வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று ஒன்றரை மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கொரு கோல் விழுந்தது, சத்தத்தில் தெரிந்தது. முடிகிற நேரத்தில் திடீரென்று ஊரே அலறியது. பெகி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "உன் ஆளுடி! உன் ஆளு போட்டுட்டான்!" நான் அப்போதும் கிரிம்ஷாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுப்போன அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

டூகலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வெளியே போவதற்குள் மனு எங்கள் கமிட்டியின் கைக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை மில்லில் எல்லோர் உதட்டிலும் மைல்தான். கோலைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. அந்த வாரமே சங்கிலி பிடித்து அளக்க ஆள் வந்தார்கள், இரண்டு ஊர்க் கமிட்டியும் பின்னால் நடந்தது. வேலை முடிந்து வந்த நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். சங்கிலி மலை ஏறி, எங்கள் வரிசைக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்தது. ஆறாவது மைல் பெகி வீட்டுப் படியில் முடிந்தது. எங்கள் வீடு அதற்கு அடுத்தது.

"அட கூறுகெட்டவளே" என்றாள் பெகி, கமிட்டி காதில் விழும்படியாகவே. "ரெண்டு வருஷம் அந்தாள என் வீட்ல படுக்க விட்டிருந்தா கோப்பை நமக்குத்தான்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். டூகலும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

லண்டனிலிருந்து தீர்ப்பு வந்தது. தகுதியில்லாத ஆளை இறக்கியதால் தார்ன்பெக் வெளியே, ஹேசல்டன் அடுத்த சுற்றுக்கு. இரண்டு கோலுக்கு ஒன்று என்று நாங்கள் ஜெயித்த அந்த ஆட்டமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. அதே ரொட்டிக்கடைக்காரன் மகன் ஆடியிருந்தால்கூட ஒருவேளை ஜெயித்திருப்போம், அடுத்த சுற்று வருகிற நவம்பருக்குள் வீட்டை மாற்றியிருக்கலாம் என்று ஊரே கணக்குப் போட்டது. சிலர் டூகலைப் பார்த்துத் தெருவில் காறித் துப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்ட்விசில் வீட்டுக்கு வந்தார். நான் ஒருத்தி நிற்பதையே பார்க்காத மாதிரி டூகலிடம் மட்டும் பேசினார்.

"வருத்தமாத்தான் இருக்கு, கில்ஃபில்லன். யாருக்குமே தெரியாமப் போச்சு. ஒருத்தராவது முன்னாடி சொல்லியிருந்தா…"

எனக்குத் தலைக்கு ஏறியது. சொல்லவில்லையா? வாசலில் நின்று சொன்னேனே! வாயைத் திறந்தேன். டூகல் மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நல்ல அழுத்தம். வாயை மூடிக்கொண்டேன்.

"ஊருக்குள்ளயே வீடு பாத்துட்டோம்" என்றார் என்ட்விசில். "புது மைதானத்துக்குப் பக்கத்துலயே. குடிவந்த நாள்ல இருந்து திரும்ப ரெண்டே வருஷம்தான்."

"சரிங்க" என்றார் டூகல்.

என்ட்விசில் போனதும் நான் கத்தினேன். "எதுக்குய்யா என் கையப் புடிச்ச? நான் அந்தாளுகிட்டச் சொன்னேன்! அந்த மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னேன்! ஊரு உன்னத் துப்புது, அந்தாளு மெத்தையில உக்காந்திருக்கான்!"

"நீ எங்கிட்டயும் சொன்னியே" என்றார்.

மைதானத்தில் அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது ஞாபகம் வந்தது.

"புரிஞ்சுதா உனக்கு?"

"எல்லாம் புரிஞ்சுது."

"புரிஞ்சுமா ஆடுன? அடப்பாவி, வெளிய வந்திருந்தா அடுத்த சுத்து இருக்கே! வீட்ட மாத்தியிருக்கலாமே!"

"மாத்துனா அன்னைல இருந்து ரெண்டு வருஷம், டார்க்கஸ். இந்தாளு இப்பச் சொல்லல? அதேதான்." அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "இது இன்னொரு குளிர்காலம் தாங்குமானு எனக்குத் தெரியாது. அன்னிக்கு வெளிய வந்திருந்தா நான் கோப்பை ஆட்டம் ஆடாமலே போயிருப்பேன். ஊரு தோக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் ஆடுனேன். இத நீ வெளிய சொல்லாத."

அவரை அடிக்கலாம்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தவிட்டை வறுக்க எழுந்தேன். அன்றைக்கு அந்த வேலை ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வந்தது.

ஒத்தடம் கொடுக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "அந்த கோலப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டேங்கறான். நீ சொல்லு. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுய்யா."

"கயித்தோரம் நின்னியே, நல்லாத் தெரிஞ்சிருக்கும். சொல்லு, கேக்கறேன்."

எப்போதும் அவர் எப்படி அடிப்பாரோ அதைச் சொன்னேன். இரண்டு பேரைத் தாண்டினதை, தோளைச் சாய்த்ததை, வலது காலால் கம்பத்தின் ஓரமாக இழுத்து அடித்ததை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"இடது கால்ல அடிச்சேன், டார்க்கஸ்" என்றார்.