பிஸ்கட் ஏலம் போன கதை

வெர்லின் டஃப்ட் கஞ்சன் என்று அந்த அமெரிக்க மாவட்டம் முழுக்கப் பேர். அந்தப் பேரை அவர் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தார். தீவனக் கடைக்காரனுக்கு இளகிய மனசு என்று வெளியே தெரிந்தால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. போன வருஷம் அது கொஞ்சம் தெரிந்துபோனது. கோடைக் கண்காட்சியில் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பன்றிகளை ஏலம் விடுவார்கள். அதில் ஒரு பையனின் பன்றியை வாங்கினார். "எங்க வீட்டுப் பிள்ளையோட பன்னி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வாடிக்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மூன்று பன்றிகள் தலையில் விழுந்தன. வீட்டு ஃப்ரீசரில் கறி அடைத்துக்கொண்டு இன்றுவரை ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை.

அதனால் இந்தக் கோடையில் பிள்ளைகள் வழக்கம்போல ஏலத்துக்கு அழைக்க, கையில் கடிதமும் குக்கீஸ் பொட்டலமுமாகக் கடை கடையாக ஏறி இறங்கியபோது, வெர்லின் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்.

"ஏலத்துக்கு வருவேன். கை தூக்க மாட்டேன்."

டெஸ்ஸா என்ற சிறுமியிடமும் அதையேதான் சொன்னார். அவளுக்குப் பின்னால் நான்கு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது வேறு என்ன சொல்வது? அவள் "சரி, மிஸ்டர் டஃப்ட்" என்று குக்கீஸை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை.

டெஸ்ஸா நகரத்திலிருந்து குடிவந்தவள். பிஸ்கட்தான் அவள் வளர்த்த முதல் பன்றி. தீவனம் வாங்கும் சாக்கில் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து சண்டை பிடிப்பாள்.

"நீங்க குடுத்த தீவனத்தைப் பாத்து பிஸ்கட் மூஞ்சியத் திருப்பிக்குது."

"பன்னியாவது மூஞ்சியத் திருப்புறதாவது! நீ பக்கத்துல நின்னு சுளிச்சிருப்ப, அது உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சு."

வெர்லினுக்கும் மனைவி ஆர்டிஸுக்கும் பிள்ளைகள் இல்லை. நாள் முழுக்க அவர் காத்திருந்தது அந்தச் சண்டைக்குத்தான். ஆனால் டெஸ்ஸாவின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தீவனச் செலவுக்காவது பன்றி விலைபோகாவிட்டால் அடுத்த வருஷம் பன்றியே கிடையாது. பன்றி இல்லையென்றால் தீவனம் இல்லை, சண்டையும் இல்லை.

போட்டியில் பிஸ்கட் மானத்தை வாங்கியது. நடுவர் எதிரில் அழகாக நடந்து காட்ட வேண்டிய நேரத்தில் மரத்தூளில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதனால் ஏல வரிசையிலும் அதற்குக் கடைசி இடம். முதல் பரிசுப் பன்றிக்குக் கூட்டம் முண்டியடிக்கும். கடைசிப் பன்றி வரும்போது வாங்குகிறவர்கள் பாதிப்பேர் பக்கத்துக் கூடாரத்தில் வறுத்த பன்றி தின்றுகொண்டிருப்பார்கள்.

வெர்லின் ஒரு வழி செய்தார். ஏலம் விடுகிற கர்னல் மெர்லுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று கூட்டத்தைப் பார்த்து, யாராவது விலை கேட்டால் "ஹெப்!" என்று கூவுவார்கள். (மெர்ல் பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஏலக்காரன் என்றால் இங்கே கர்னல்தான்.) இடது பக்கத்து டேலை வெர்லின் ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் தொப்பிய விளிம்புல தொட்டா விலை கேக்குறேன்னு அர்த்தம். என் பேரு மட்டும் வெளிய வந்துது, உன்னைச் சும்மா விட மாட்டேன்."

இனி ஒரு பன்றியும் வேண்டாம் என்று ஆர்டிஸ் ஃப்ரீசரைக் காட்டி ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். இப்போது அவள் ஆப்பிள் பை பலகாரம் விற்கும் கடையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வெர்லினுக்கு அது வசதியாகப் போயிற்று.

டெஸ்ஸா பிஸ்கட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். கறிக்காரன் பவுண்டுக்கு ஒரு டாலர்கூடத் தரமாட்டான். பிள்ளைகளுக்காக இங்கே நாலு, ஐந்து வரை போகும். கர்னல் இரண்டில் ஆரம்பித்தார். வெர்லின் தொப்பியைத் தொட்டார்.

"ஹெப்!" என்றார் டேல்.

"ஹெப்!" என்று வலது பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம்.

யார் அது? நடுவில் கூடாரத் தூண் மறைத்தது. வெர்லினுக்குச் சந்தேகமே இல்லை. எதிர்க்கடை கார்த் டங்கல்தான். டெஸ்ஸாவைத் தன் கடைப் பக்கம் இழுக்கப் பார்க்கிறான்! மூன்று. நாலு. ஆறு. அந்தப் பக்கத்து ஆள் விடுவதாக இல்லை. எட்டாவது டாலரில் வெர்லினின் காது சிவந்துவிட்டது. ஒன்பதில் தொப்பி கழன்று மடியில் விழுந்தது. அதைப் பாய்ந்து பிடித்ததையும் டேல் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பதினொன்றில் அந்தப் பக்கம் அடங்கியது.

"பதினொண்ணு! வித்தாச்சு!" என்று கர்னல் சுத்தியைத் தட்டினார். "வாங்கினவர் நம்பர்?"

டேலுக்குப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. நம்பரைச் சொல்லலாம் அல்லவா? "நாப்பத்தேழு!"

"இரு, இரு" என்றார் வலது பக்கத்து ஆள். "எதிர்த்துக் கேட்ட என் ஆளும் நாப்பத்தேழுதான்!"

ஒரு குடும்பத்துக்கு ஒரே நம்பர், அட்டைதான் இரண்டு. தூணுக்குப் பின்னாலிருந்து ஆர்டிஸின் வைக்கோல் தொப்பி மெல்ல எட்டிப் பார்த்தது.

"வெர்லின்! நீயா?"

"நீ ஆப்பிள் பை கடையிலன்னு சொன்ன?"

"நீ கை தூக்க மாட்டேன்னு சொன்ன! அந்தப் பொண்ணோட பன்னி விலைபோகணுமேன்னுதான் வந்தேன். எதிர்ல கேக்குறது பேங்க்காரர் பொண்டாட்டின்னு நெனச்சு இல்ல மல்லுக்கட்டினேன்!"

கூடாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த நேரம் பார்த்துக் கார்த் டங்கல் கையில் பன்றி சாண்ட்விச்சோடு உள்ளே வந்து, "என்ன, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

கர்னல் நியாயமான மனிதர். "புருஷன் பொண்டாட்டி போட்டி செல்லாது, வெர்லின். நீ வேணாம்னா மறுபடி ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. எல்லோரும் கஞ்சனைப் பார்த்தார்கள். டெஸ்ஸா யாரையும் பார்க்கவில்லை. குனிந்து பிஸ்கட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் கை தூக்க மறுத்த பிள்ளைகள் அத்தனை பேரும் வேலியோரம் நின்றார்கள். பெற்றோர்கள் பக்கத்தில் நின்றார்கள். நாளைக் காலை கடையில் என்ன நடக்கும் என்று வெர்லினுக்கு நன்றாகத் தெரிந்தது.

"வித்தாச்சுன்னா வித்தாச்சு" என்றார். தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டார். "சுத்தியத் தட்டின பெறகு என்ன பேச்சு?"

வாங்கியவரோடு படம் எடுப்பது வழக்கம். வெர்லின் ஒரு பக்கம், ஆர்டிஸ் ஒரு பக்கம், நடுவில் பிஸ்கட் மறுபடியும் படுத்துக்கொண்டது. டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த வருஷம் ரெண்டு வளக்குறேன், மிஸ்டர் டஃப்ட். உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. சண்டை வராது."

"ரெண்டுக்கும் தீவனம் யாரு கடையில?" என்றார் வெர்லின்.

"உங்க தீவனம்தான் அதுங்களுக்குப் பிடிக்கலையே" என்றாள் அவள். "தினமும் வந்துதான் பேசணும்."