மீனின் கண்

ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டுக்குள் இருப்பவனை எங்கள் நேப்பிள்ஸில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்த் தின்றாக வேண்டும். அந்த ஆண்டு, என்னைக் கட்டிக்கொள்ளப்போகிற ஃபுல்வியோவின் வீட்டார் தேர்ந்தெடுத்தது, தெற்கே கடலோரம் பாழாய்க் கிடக்கும் பழைய ரோமானிய நகரம் ஒன்றை. ஜூனில் கல்யாணம். எனக்கு முப்பத்தாறு வயது. "எர்சீலியாவுக்கு ஒருவழியா விடிஞ்சுது" என்று தெருவே பெருமூச்சு விட்டிருந்தது. அதனால், என்ன நடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்ற முடிவோடுதான் காரில் ஏறினேன்.

பல்லும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? இறங்கியதும் வருங்கால மாமனார் அமெதேயோ, அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறையைக் கண்டுபிடித்துவிட்டார். சுவரோரம் கல் இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

"முன்னோருங்க போன எடத்துல நாமளும் போனாத்தான் மரியாதை" என்றவர், நிஜமாகவே போனார். எதிரே நின்ற ஜெர்மன்காரி தன் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினாள். ஃபுல்வியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாப்பிட உட்கார்ந்ததோ, உள்ளே போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்த வீட்டு முற்றத்தில். பளிங்குத் தொட்டிக்குள் ஆலிவ் கொட்டைகளைத் துப்பினார்கள். மாமியார் பல்மீரா அம்மாள் எண்ணெய்க் கையை, எழுத்துப் பொறித்த கல்லில் துடைத்தாள். பிறகு ஈஸ்டர் ரொட்டியை எடுத்தாள். பன்றிக் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பெரிய வளையம். மேலே முழு முட்டைகளை ஓட்டோடு பதித்து, மாவுப் பட்டையால் சிலுவை போட்டிருக்கும். அன்றைக்கு அதை யாருக்குக் கொடுத்தாலும் முட்டையோடுதான் கொடுக்க வேண்டும். வெறும் ரொட்டியை நீட்டினால் அவமானப்படுத்தியதாக அர்த்தம்.

எங்கள் காலடியில் பொடிக் கற்களால் பதித்த ஒரு மீன் இருந்தது. கண் மட்டும் நீலக் கண்ணாடி. ஃபுல்வியோ ரொட்டிக் கத்தியால் அந்தக் கண்ணைக் கெல்லி எடுத்து என் மடியில் போட்டான்.

"உனக்குத்தான். சங்கிலியில கோத்துப் போட்டுக்கோ."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தத் தாராளம். மீன் குருடாகிப்போனது.

"திரும்ப வச்சிடு, ஃபுல்வியோ."

"ஒத்தக் கல்லுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கற?"

"இதுக்கே இப்படியா?" பல்மீரா அம்மாள் பெருமையாகச் சிரித்தாள். "எங்க குளியலறைத் தரை பூரா இங்கேர்ந்து வந்ததுதான், பொண்ணே. வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. நாளைக்கு நீதானே தேய்ச்சுக் கழுவப்போற?"

சோப்பு நுரைக்கு நடுவே, அந்தத் தரையில், ஆயுள் முழுக்க நான்.

கிளம்பும்போது ரொட்டியில் ஒரு துண்டுதான் மிச்சம், ஒரு முட்டையோடு. பல்மீரா அம்மாள் என் மடியிலிருந்த கண்ணை எடுத்தாள், முட்டையைத் தூக்கி அடியில் திணித்தாள், மறுபடி மூடினாள். ஈஸ்டர் ரொட்டியை எவன் சோதிப்பான்!

வாசலில் காவலர் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த மீசை, பசித்த முகம்.

"எல்லாரும் நல்லாச் சாப்பிட்டீங்க போல. நமக்குத்தான் பண்டிகையன்னைக்கும் டூட்டி" என்றார்.

நான் ரொட்டியை எடுத்தேன்.

"அது காஞ்சு போச்சு, வேணாம்!" பல்மீரா அம்மாள் பதறினாள். "இந்தா, ஓரத்துல ஒரு விள்ளல் பிச்சுக் குடு."

"முட்டை இல்லாமலா? ஊரு என்ன சொல்லும்மா?" என்று முழுத் துண்டையும் நீட்டினேன். "சாப்பிடுங்க ஐயா."

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றாள். காவலர் முட்டையைத் தூக்கினார். அதன் அடியில் ஒட்டியிருந்த நீலக் கண் அவர் உள்ளங்கையில் விழுந்தது. தினமும் பார்க்கிற கண் அவருக்குத் தெரியாதா? முகம் கறுத்துவிட்டது.

"யாரு வேலை இது?"

ஃபுல்வியோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவதான் சார். ஆசப்பட்டு எடுத்துட்டா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அவன் அம்மாவும் அப்பாவும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. அங்கே துப்பியது போதும்.

"இது இவரு கத்தியால கெல்லி எனக்குக் குடுத்தது, ஐயா. எனக்கு வேண்டாம்" என்றேன். "இவரு குடுத்தது இன்னொண்ணும் இருக்கு."

நிச்சயதார்த்த மோதிரம் லேசில் கழன்று வராது. ரொட்டியின் கொழுப்பு விரலில் இருந்ததால் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை முட்டை இருந்த குழியில் அழுத்தி, ரொட்டியைப் பல்மீரா அம்மாள் கையில் வைத்தேன்.

"இந்தாங்க. எங்க போனாலும் வெறுங்கையோட திரும்ப மாட்டீங்களே."

காவலர் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தவள், திரும்பி வந்தேன்.

"ஐயா, அப்படியே இவங்க வீட்டுக் குளியலறையையும் ஒரு தடவ பாத்துடச் சொல்லுங்க."