வாழைத்தோட்டத்துக் கை

சொட்டுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் ஒரு கை கிடைத்திருக்கிறது என்ற செய்தி அப்பளக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து இருக்கும். இசக்கித்தாய் உளுந்து மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்த பெண் இவளைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"யார் தோட்டத்துல?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

"கோமதிசங்கர் அண்ணாச்சி தோட்டத்துல."

மாவு ஒட்டிய கையோடு எழுந்து நடந்தாள்.

அந்தத் தோட்டத்தில்தான் அவள் புருஷன் மகாராஜா காவலுக்கு இருந்தான். கல்லிடைக்குறிச்சிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பதினொரு ஏக்கர் வாழை. முந்தின வருசம் ஐப்பசியில் ஒருநாள் காலையில் காவல் முடிந்து வர வேண்டியவன் வரவில்லை. பதினாறு மாதம் ஆகிவிட்டது. கேட்டதற்கு கோமதிசங்கர், "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான், எனக்கே ஆள் இல்லாம நட்டம்" என்றார். மகாராஜாவின் தம்பி மாடக்கண்ணு, "கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பான் மதினி, வருவான்" என்றான். மாடக்கண்ணு அதே தோட்டத்துக் காய்களை மார்க்கெட்டுக்கு ஏற்றும் மினிலாரி டிரைவர். அவன் அதைச் சொல்லும்போது ஒருதரம்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவன்மேல் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது அதனால்தான். போலீசில் எழுதிக் கொடுத்தாள். மூன்று ஊர்களில் குறி கேட்டாள். ஒருவர் வடக்கே என்றார், ஒருவர் தண்ணிக்குள்ளே என்றார்.

தோட்டத்தில் கூட்டமாக இருந்தது. உரச்சாக்கை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். மண் அப்பிய பழுப்பு எலும்புகள். மணிக்கட்டு, உள்ளங்கை, ஐந்து விரல்கள். விரல்நுனிகள் மட்டும் இல்லை. இசக்கித்தாய் அழவில்லை. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தவள் கண்ணால் மாடக்கண்ணுவைத் தேடினாள். அவன் தூரத்தில் லாரியை ஒட்டி நின்றிருந்தான். ஊரே சாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணன் கையை வந்து பாருலே" என்று கத்தினாள். அவன் அசையவில்லை.

போலீஸ் வந்தது. எலும்பை எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்து ஏட்டு ஜாஸ்பர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு இது மனுசக் கைதானான்னு சந்தேகமா இருக்காம். பாளையங்கோட்டையில எலும்பு மியூசியம் இருக்குல்லா, அங்கன காட்டச் சொல்லுதாவ. நாளைக்குக் கொண்டு போறேன்."

"நானும் வாரேன்."

"நீ எதுக்கும்மா?"

"அது எம் புருஷன்."

ஜாஸ்பர், காலையில் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மியூசியம் ஒரு பழைய மிஷன் பங்களாவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் யானையின் எலும்புக்கூடு. அதைத் தாண்டினால் மாடு, மான், குரங்கு, சுவர் நீளத்துக்கு ஒரு மலைப்பாம்பின் முதுகெலும்பு. பாச்சா உருண்டை வாசனை. எல்லாம் நின்ற நிலையிலேயே வெளுத்துப் போனதுபோல் இருந்தன. இசக்கித்தாய்க்கு அந்த இடமே பிடிக்கவில்லை.

"இத்தனையையும் யாரு கொன்னா?" என்று கேட்டாள்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் கெசியா நாற்பது வயதுக்காரி. முன்பு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். "யாரும் கொல்லலம்மா. தானாச் செத்ததைத்தான் கொண்டு வருவாங்க" என்றாள்.

அவள் எலும்புகளை ஒரு வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒரு புத்தகத்தைப் பிரித்தாள், மூடினாள். பக்கத்து அறைக்குப் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். கால் மணி நேரம் அப்படியே போனது.

"மனுசன் இல்ல ஏட்டையா, கரடி. முன்னங்கால்."

ஜாஸ்பர் பெருமூச்சு விட்டார். இசக்கித்தாய் துணியின்மேல் கிடந்த ஐந்து விரல்களைப் பார்த்தாள். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது கை என்றுதான் சொல்லும்.

"கரடிக்கு இப்படி விரல் இருக்குமா?"

"இருக்கும்மா. நகத்தையும் தோலையும் எடுத்துட்டா அப்படியே மனுசக் கைதான். டாக்டருங்களே ஏமாந்து போவாங்க."

திரும்பியவள் கண்ணில், பக்கத்து அறையில் அந்தக் கரடிப் பெட்டி இருந்த கண்ணாடி அலமாரி பட்டது. அதன் நெற்றியில் சிவப்பு எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'அன்பளிப்பு: ச. கோமதிசங்கர், கல்லிடைக்குறிச்சி.'

"இது யாரு குடுத்தது?"

கெசியா திரும்பிப் பார்த்தாள். "அதுவா? அவர் மக காலேஜ்ல என்கிட்டத்தான் படிச்சா. நாலு அலமாரி செஞ்சு குடுத்தாரு."

"அப்படிச் சொல்லுங்க." இசக்கித்தாய் அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள். "அவரு தோட்டத்துல கிடந்த எலும்பு. அவரு குடுத்த அலமாரி. நீங்க கரடின்னு சொல்லுதீய. நான் என்ன, கூறு கெட்டவளா?"

"இந்தாம்மா, வார்த்தையை விடாத" என்றார் ஜாஸ்பர்.

"நீங்களும் அவரு வீட்டுல காப்பி குடிச்சவியதான ஏட்டையா."

கெசியாவின் முகம் சிவந்துவிட்டது. அலமாரியின் எழுத்தை மறுபடி பார்த்தாள். இசக்கித்தாய் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். எல்லோரும் ஒன்று, தான் ஒருத்திதான் வேறு என்று தோன்றியது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தாள். கரடி என்று சொன்னது பொய் என்றால் எதற்காக அந்த அம்மாவுக்கு அப்படி முகம் சிவக்க வேண்டும் என்று ஒருபக்கம் யோசனை ஓடியது. அகப்பட்டுக்கொண்டவர்களுக்கும் சிவக்கும்தானே என்று இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் தனியாகப் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்குப் போனாள்.

கெசியா அவளை எதிர்பார்த்தவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் சொல்லுததை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க" என்றாள். மேஜையில் மூன்று கைகளை வைத்தாள். ஒன்று பாடம் நடத்தப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் மனிதக் கை. ஒன்று பெட்டியில் இருந்த கரடியின் முன்னங்கால். மூன்றாவது, தோட்டத்தில் எடுத்த எலும்புகளின் படம், அதே அளவில். எலும்புகள் போலீசிடம் போய்விட்டன.

"உங்க கையைப் பாருங்க. கட்டைவிரல் எப்படி இருக்கு?"

"குட்டையா, தடியா."

"மத்த விரலை விட்டுத் தள்ளி நிக்குதா?"

"நிக்குது."

"கரடியைப் பாருங்க. அஞ்சும் ஒரே வரிசை. கட்டைவிரல்தான் உள்ளதுலயே சின்னது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்துலதான் தடியான விரல். நமக்கு நேர்மாறு."

இசக்கித்தாய் தன் கையைப் பிளாஸ்டிக் கையின் பக்கத்தில் வைத்தாள். பிறகு கரடியின் பக்கத்தில். பிறகு படத்தில் விரல்விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம். கெசியா அவசரப்படுத்தவில்லை.

கரடிதான்.

சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். வரவில்லை. ஒரு வாரத்தில் அவள் மனதுக்குள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். எங்கே எரிப்பது, யார் கொள்ளி வைப்பது என்றுகூட. இப்போது மறுபடியும் ஒன்றுமே தெரியாத இடத்தில் வந்து நின்றாள். அங்கேதான் அழுதாள்.

அழுது முடிந்ததும் கெசியா சொன்னாள்: "இன்னொண்ணும் உங்ககிட்டச் சொல்லணும். நேத்து கோமதிசங்கர் போன் பண்ணினாரு. கரடின்னு எழுத வேண்டாம், நாயோ மாடோன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டாரு."

"நாய்னு எதுக்கு எழுதணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். போனை வச்சுட்டாரு." கெசியா படத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். "விரல்நுனி எதுவும் இல்ல, பாத்தீங்களா? மண்ணுல உதிர்ந்து போகல. ஒவ்வொரு விரல்லயும் வெட்டுன தடம் இருக்கு. யாரோ அருவாவால நகத்தை வெட்டி எடுத்துட்டுப் புதைச்சிருக்காங்க. கரடியைக் கொன்னா ஜெயில். அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்."

பஸ்ஸில் திரும்பும்போது இசக்கித்தாய்க்கு வழி முழுக்க ஒரே யோசனை. தோட்டத்தில் கரடியைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள். காவல்காரனுக்குத் தெரியாமலா? தெரிந்தவன் எங்கே போனான்? ஒரு ஆளின் வாயை அடைக்க எத்தனையோ வழி இருக்கிறது. அந்தக் கை கரடியுடையது என்பதால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகிவிடாது.

வீட்டுக்குப் போகாமல் நேரே மாடக்கண்ணு வீட்டுக்குப் போனாள். அவன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏலே, கரடியைப் புதைக்கையில நீ எந்தப் பக்கம் பிடிச்ச?"

தண்ணீர்க் குழாய் அவன் கையிலிருந்து நழுவி விழுந்து, தண்ணீர் தரையில் ஓடியது. அவன் அதை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா மதினி?"

"எலும்பு சொல்லுச்சு. நீ இப்ப சொல்லு. அவரைக் கொன்னுட்டீயளா?"

"ஐயோ மதினி!" மாடக்கண்ணு அப்படியே லாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு பைய பைய எல்லாவற்றையும் சொன்னான்.

காட்டுப்பன்றிக்காக மோட்டார் செட்டிலிருந்து கரண்ட் இழுத்து வேலிக்கம்பியில் விடச் சொன்னது கோமதிசங்கர். கம்பி கட்டியது மகாராஜா. மாட்டியது கரடி. விடியுமுன்னே புதைத்துவிடச் சொல்லி அண்ணாச்சி போனில் சொன்னார். அண்ணனும் தம்பியும் புதைத்தார்கள். நகத்தை வெட்டியது மகாராஜா. கரடி நகம் வாங்கக் கேரளாவில் புனலூரில் ஆள் இருக்கிறது என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். நகம் வெட்டிய விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி குதித்தார். 'கம்பி கட்டினது நீ, நகம் வெட்டினது நீ, கேஸ் உன்மேலதான் வரும். கண்ணுல படாமப் போயிரு' என்றார். அவன் போய்விட்டான்.

"இப்ப எங்க இருக்காரு?"

"புனலூர்லதான். மரக்கடையில வேலை."

"உனக்குப் பேசுவாரா?"

மாடக்கண்ணு தலையைக் குனிந்தான். "மாசத்துக்கு ஒருக்கா."

"பதினாறு மாசமா?"

அவன் எழுந்துபோய்க் குழாயை மூடினான்.

"நான் குறி கேக்கப் போனேன். நீதான் என்னைய லாரியில ஏத்திக் கூட்டிட்டுப் போன. தண்ணிக்குள்ள கெடக்கான்னு குறிகாரர் சொன்னப்ப நீ பக்கத்துல நின்ன."

"உங்ககிட்டச் சொன்னா நீங்க நேரா ஸ்டேஷனுக்குப் போயிருவீயன்னு அண்ணன் சொன்னான் மதினி."

"நம்பரைப் போடு."

அவன் போட்டு, போனை அவளிடம் நீட்டினான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

"ஏலே, சொல்லு."

அதே குரல். கொஞ்சம் சளி கட்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"தம்பி இல்ல. நாந்தான்."

மரம் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது. போனை வைத்துவிட்டான்.

அவள் மறுபடி போடச் சொல்லவில்லை. போனை மாடக்கண்ணுவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டியை எடுலே."

"எங்க மதினி?"

"பாரஸ்ட் ஆபீசுக்கு."

"என்னையும் உள்ள வைப்பாவ."

"வைக்கட்டும். நீயா சொன்னா கொஞ்சமா வைப்பாவ. நான் சொன்னா நெறைய வைப்பாவ. எப்படி வசதி?"

மாடக்கண்ணு வண்டியை எடுத்தான்.

மறுநாள் வனத்துறைக்காரர்கள் தோட்டத்தைத் தோண்டினார்கள். மண்டை, விலா, மீதி மூன்று கால்கள் என்று முழுக் கரடியும் வந்தது. அதை மியூசியத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கோமதிசங்கரைத் திருநெல்வேலியில் மகள் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். இருபது நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். அவர் கொடுத்த நான்கு அலமாரிகளையும் கெசியா வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஏட்டு ஜாஸ்பர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "அவரு வீட்டுல நான் ஒரே ஒருதரம்தாம்மா காப்பி குடிச்சேன்" என்றார். இசக்கித்தாய் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்ட நான்காம் நாள் மகாராஜா தானாகவே வந்து வனத்துறையில் ஆஜரானான். அவளுக்காக வரவில்லை, தம்பிக்காக வந்தான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடி அவள்தான் அலைந்தாள்.

பங்குனிக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். முதல் நாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"புனலூர்ல வேற யாரும் உண்டா?"

"இல்ல."

"இருந்தா சொல்லிரும்."

"இல்லட்டி. சத்தியமா."

"என் நெனப்பு வரவே இல்லையா?"

"வந்துச்சு. பேசுனா அழுவ. அழுதா வந்துருவேன். அதான் பேசல."

அவள் அதைப் பல நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். உண்மை மாதிரியும் இருந்தது. வண்டியில் வரும்போதே யோசித்து வைத்துக்கொண்ட பேச்சு மாதிரியும் இருந்தது. கையென்றால் வரிசையாக வைத்து, இது மனிதன், இது கரடி என்று பிரித்துவிடலாம். இதை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் இப்போது பேட்டையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறான். கேஸ் நடக்கிறது. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். "யாரு?" என்று அவள் கேட்பாள். "தம்பி" என்பான். அவள் கையை நீட்டுவாள். அவன் போனைக் கொடுப்பான். இதுவரை அது மாடக்கண்ணுவாகத்தான் இருந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான்.

"எங்க?"

"ஆத்துக்கு. குளிச்சிட்டு வாரேன்."

இசக்கித்தாய் அடுப்பை அணைத்துவிட்டு மாற்றுச்சேலையைக் கையில் எடுத்தாள்.

"நீ எதுக்கு இப்ப?"

"நானும் குளிக்கணும்லா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவன் நின்று அவளைப் பார்த்தான். பிறகு முன்னால் நடந்தான். அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.