காரணத்துக்கு மிச்ச அரைக் கிளாஸ்

ஊருக்கே அண்ணன் முறையான அப்துல் கபூர் காக்காவின் கொமியூனிகேசன் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். வெளிநாட்டுப் போன் கோலுக்காகக் காத்துக் கிடக்கிற சனம் வாங்குப் பலகையில் குந்தி நகம் கடிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அவர் கண்டுபிடித்த வேலை அது. நாளுக்கொரு பொது அறிவுக் கேள்வி. சரியான விடை சொன்னால் அரைக் கிளாஸ் பிளேன்டீ. அந்த விடைக்குக் காரணமும் சொன்னால் மிச்ச அரைக் கிளாஸ். கல்முனையில் விடை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. முழுக் கிளாஸ் குடித்தவனைத்தான் காணக் கிடைக்காது.

சாலிஹும் அரைக் கிளாஸ்காரன்தான். அரிசி மில்லில் வேலை. அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலாலேயே கோடு இழுத்துக் கிளறி, பொழுது சாயப் பலகையால் கூட்டிக் குவிக்க வேண்டும். தளம் கொதிக்கும். அவனுடைய உள்ளங்கால் என்றோ செருப்பாகிவிட்டது. காலுக்கு மூச்சுவிட நேரமில்லை, தலைக்கோ ஒரு வேலையும் இல்லை. அதனால் கபூர் காக்காவின் கேள்வியைத் தலைக்குள் போட்டுக்கொண்டு நடப்பான். சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்துசேர எட்டு நிமிஷம் செல்லும் என்று ஒருநாள் கேட்டுவந்தான். அன்று முழுக்க முதுகில் சுட்டது பழைய வெயில். தான் அந்தப் பக்கம் திரும்புமுன்னரே அங்கிருந்து புறப்பட்டுவிட்ட வெயில். நெல் ஆவி முகத்தில் அடிக்க, அந்த வெளிச்சம் ஆளில்லாத வெளிக்குள்ளால் தனியே வந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடியே கோடு கோடாக நடந்தான்.

"சாலிஹ், நெல்லுக்குள்ள நித்திரையா? கோடு கடலுக்குப் போகுது!" என்று மேற்பார்வைக்கார சீனிமுகம்மது கத்துவார்.

கடலுக்கு அப்பால் போகத்தான் அவன் மனம் பழகியிருந்தது. மனைவி றஹீமா றியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருஷம். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் அவள் பேசிப் பதிந்து கொடுத்துவிட்ட கசட் போன கிழமைதான் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டு றேடியோவில் போட்டுக் கேட்டான்.

"மச்சான், மெடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பம் வைக்கச் செல்றா. ஜூன் மாசம் ரெண்டாவது வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் திண்டுபோட்டுப் படுப்பாங்க. குசினி ஜன்னலால வெயில் வந்து சட்டிக்கு மேல நிக்கும். அப்ப அங்க ஊர்ல நாலரை மணி. கபூர் காக்காட கடைக்கு எடுக்கிறன். ஒருக்காத்தான் எடுக்க ஏலும். நீங்க 'வா' எண்டு உங்கட வாயால செல்லுங்க, வாறன். ஆள் இல்லாட்டி, 'இரு' எண்டு எடுத்துக்குவன்."

அவன் சொல்ல வேண்டியது ஒரு சொல். அதற்கு எட்டு நாளாக ஒத்திகை பார்த்தான்.

அந்த ஜூன் மாதம் ஊரில் இரண்டு நேரம் நடமாடியது. மழை பொய்த்து, மின்சாரம் எடுக்கிற மலைநாட்டுக் குளங்கள் வற்றி, கரண்டை மிச்சப்படுத்தவென்று அரசாங்கம் போன மாதம் நாட்டு மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டது. அரசாங்கக் கந்தோர்களும் கடைகளும் புதிய நேரத்துக்கு மாறின. சீனிமுகம்மது மட்டும் மாறவில்லை. "நெல்லுக்கு அரசாங்கமா வெயில் குடுக்குது?" என்றார். மில் பழைய நேரத்திலேயே ஓடியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, கபூர் காக்காவின் கடைக்குப் போய்வர சாலிஹ் கேட்டான். சீனிமுகம்மது அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"போ. நெல்லுக் கூட்டுற நேரம் தளத்தில நிக்கணும். இல்லாட்டி நாளைக்கு வேற ஆள். பிறகு காக்கா கீக்கா எண்டு வந்து நிக்கப்படாது."

"அதுக்குள்ள வந்திருவன், காக்கா."

கடைச் சுவர் மணிக்கூட்டில் நாலரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பலகையில் எழுதியிருந்தது: 'கல்முனையில் மாலை நாலரை என்றால் சவூதி றியாத்தில் எத்தனை மணி?'

"உனக்காகத்தான் எழுதினன்," என்றார் கபூர் காக்கா. வட்ட முகம், காதில் சோக்குக் கட்டி. "செல்லு பாப்பம்."

"ரெண்டு மணி. அங்க ரெண்டரை மணித்தியாலம் பிந்தி." றஹீமா போன நாளிலிருந்து மனப்பாடம்.

"இந்தா, அரைக் கிளாஸ்."

குடித்தான். நாலரை ஆனது. போன் கறுப்பு ஆமை மாதிரிக் கிடந்தது. ஒருவன் கட்டாருக்குக் கதைத்துவிட்டுப் போனான். ஒரு பொம்பிளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். மணிக்கூட்டு முள் ஐந்தைத் தொட்டது. மெடம் போனுக்குப் பூட்டுப் போட்டிருப்பாள் என்று நினைத்தான். பிறகு அவள் ஒப்பம் வைக்கிற கையை நினைத்தான். கரி பட்ட விரல். இன்னும் இரண்டு வருஷம். எழுந்தான்.

"எங்க போறாய்?"

"மில்லுக்கு. அவள் எடுக்கல்ல."

"இருடா. காரணம் செல்லிட்டுப் போ."

"என்ர குடும்பம் போகுது, உங்களுக்குக் காரணமா வேணும்?"

"வாப்பா, கோபிக்காத. சும்மா பாரன்." அவனைச் சற்று நேரம் நிறுத்திவைக்க மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை. தேத்தண்ணி மேசையிலிருந்து ஒரு தேசிக்காயை, பச்சை எலுமிச்சையை, எடுத்தார். நகத்தால் ஒரு கீறு. "இது கல்முனை." இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு கீறு. "இது றியாத்." வாசலால் சாய்ந்து விழுந்த வெயிலில் தேசிக்காயைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். "சூரியன் ஒரு இடத்திலதான் நிக்குது. நாமதான் சுத்துறம். பாரு, முதல்ல நமக்கு வெயில். நாம போன பிறகுதான் றியாத் அதே வெயிலுக்கு வருது. அந்தப் பிந்தல்தான் உன்ர ரெண்டரை மணித்தியாலம்."

சாலிஹ் கோபத்தை மறந்து குனிந்தான். கல்முனைக் கீறு வெயிலைத் தாண்டி நிழலுக்குள் மெல்ல இறங்கியது. றியாத்துக் கீறில் வெளிச்சம் ஈரமாய் மினுங்கிக்கொண்டிருந்தது. தேசிக்காய் வாசம் வந்தது. அந்தக் கீறுக்குள் ஒரு குசினி, ஒரு ஜன்னல், சட்டியை நோக்கி ஊர்ந்து வருகிற வெயில். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மணிக்கூடு பார்த்து அல்ல. அவள் வீட்டில் மணிக்கூடு பார்த்து எந்தக் காலத்திலும் சோறு வைத்ததில்லை. இப்போது தளத்து நெல்லில் காய்கிற வெயிலும் மேற்கே அவள் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. கடை, வாங்கு, றோட்டில் போன பஸ் எல்லாமே தேசிக்காயோடு சேர்ந்து மெதுவாய்ச் சுழல்வது போல அவனுக்குத் தலை கிறுகிறுத்தது.

"காக்கா, மணிக்கூட்டைத் தள்ளினா தேசிக்காய் தள்ளுப்படுமா?"

"அதெப்படிப் படும்? மணிக்கூடு அரசாங்கம் வைக்கிறது. இது அல்லாஹ் சுத்துறது..." கபூர் காக்காவின் கை நின்றது. சுவரைப் பார்த்தார். "ரப்பே! போன மாசம் அந்த முள்ளத் தள்ளினது நான்தான். கேள்விய மட்டும் பழைய புத்தகத்தில பாத்து எழுதிப்போட்டன். அவ கசட் பேசினது எப்ப?"

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி."

"அப்ப அவட நாலரை பழைய நாலரை! புதிசில அஞ்சரை. உன்ர விடையும் பிழை, என்ர விடையும் பிழை. இப்ப மூண்டரை மணித்தியாலம்டா."

சாலிஹ் சிரித்தான். உடனே அந்தச் சிரிப்பு வாயிலேயே காய்ந்தது. பழைய நாலரைக்குத்தான் சீனிமுகம்மது பலகை எடுக்கச் சொல்லிக் கத்துவார். தளத்தில் மில் புகைக்குழலின் நிழல் கிணற்றடியைத் தொடுகிற நேரம். றஹீமாவின் சட்டிக்கு வெயில் வருவதும் அப்போதுதான்.

இங்கே நின்றால் அங்கே வேலை போகும். அங்கே போனால் இங்கே அவள் போவாள்.

"ஓடிப்போய்ச் செல்லிட்டு வாவன்," என்றார் கபூர் காக்கா.

"திரும்பி வர நேரம் காணாது."

"நான் எடுத்து, 'வா' எண்டு செல்லவா?"

"என்ர வாயால கேக்கணும் எண்டவள்."

வாங்கில் திரும்பக் குந்தினான். உள்ளங்கால் அரித்தது. நெல் காத்திருக்கும்போது சும்மா குந்தியிருக்க அந்தக் கால்களுக்குத் தெரியாது. வாசல் வெயில் சீமெந்துத் தரையில் ஊர்ந்து அவன் பெருவிரலுக்கு வந்தது. அதைத் தள்ளாமல் வைத்திருந்தான். தான் மிதித்துக்கொண்டிருப்பது தரையையல்ல, பெரிய தேசிக்காய் ஒன்றை என்று பட்டது. அதன் அந்தப் பக்கம் அவள் வெறுங்காலோடு நிற்கிறாள்.

போன் அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

ஸலாம் சொன்னான். ஒத்திகை பார்த்த சொல்லுக்கு முன்னால் வேறொன்று வாயில் வந்தது. "வெயில் சட்டிக்கு வந்திட்டா?"

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு. "இப்பத்தான் மூடியத் தொடுது. நீங்க மறுகா பைத்தியக் கத கதைக்கிறீங்க."

"றஹீமா, வா."

அங்கே சட்டி மூடி நகர்கிற சத்தம்.

"வந்து என்னத்தத் தின்னுற? மில்லில வேல இரிக்கா?"

பொய் சொல்ல நேரமிருந்தது. வெளியே பார்த்தான். "இண்டைக்கி வரைக்கும் இரிந்திச்சி. நாளைக்கு வேற பாப்பன். நீ வா."

"ஓம்," என்றாள். எங்கோ ஒரு கதவுச் சத்தம். "ஓம் மச்சான், வாறன்." லைன் செத்தது.

கபூர் காக்கா கிளாஸில் மிச்ச அரையை ஊற்றி நீட்டினார். சாலிஹ் பார்க்கவுமில்லை, ஓடினான்.

தளத்தில் பாதி நெல் குவிந்திருந்தது. மற்றவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சீனிமுகம்மது இடுப்பில் கைவைத்தபடி நின்றார்.

"நாளைக்கு வரத் தேவல்ல."

"சரி காக்கா." அவன் சுவரோரம் கிடந்த பலகையை எடுத்தான்.

"சென்னது கேக்கல்லையா? உனக்கு இங்க வேல இல்ல!"

"கேட்டிச்சி. இந்த நெல்லு இண்டைய நெல்லுதானே," என்று சொல்லிக் குனிந்து இழுத்தான்.

நெல் காலடியில் இன்னும் சூடாய் இருந்தது. எட்டு நிமிஷத்துக்கு முந்திப் புறப்பட்ட வெயில். அவன் கிழக்கிலிருந்து மேற்காக இழுத்துக்கொண்டு போனான்.