தடிக்காத கை

நுண்ணோக்கியில் எண்ணி முடித்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மணல்கொசு எச்சில் கலந்த வெள்ளணுக்களிலும் அந்தக் கொசு பரப்பும் நோயின் ஒட்டுண்ணி அதே அளவு, கலக்காதவற்றிலும் அதே அளவு. கடிக்கும்போது கொசு விடும் எச்சில் வெள்ளணுக்களை மந்தமாக்கும், அதனால்தான் ஒட்டுண்ணி உள்ளே போய்ப் பெருகுகிறது என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தேன். ஒரு தடவையாவது அந்த எச்சில் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

மருந்தை, குளிர்பெட்டியை, மின்வெட்டை எல்லாம் திட்டித் தீர்த்தாயிற்று. அணுக்களை எடுத்த ரத்தத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அது என் வீட்டுக்காரருடையது. பக்கத்து அறையில் கொசு வளர்ப்பவர் அவர்தான். நோயில்லாத கொசுக்களுக்குத் தன் கையையே கூண்டுக்குள் நீட்டித் தீனி போடுவார். நான் ஊசியோடு போனாலும் அதே கையைத்தான் நீட்டுவார்.

அன்று நாங்கள் கொசு அறையில் இருந்தபோது துறைத்தலைவர் வந்தார். எங்களுக்குள் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர்.

"இதுக்கு மேல இழுக்க முடியாதும்மா. கொசு ரூமை மூடிடலாம்."

"அப்போ என் வேலை சார்?" என்றார் வீட்டுக்காரர்.

"வேற எங்கயாவது பாருங்க," என்று தலைவர் கூண்டைத் தட்டினார். வலை விலகி நாலைந்து கொசுக்கள் வெளியே வந்து இருவரையும் கடித்தன.

கொஞ்ச நேரத்தில் தலைவர் கழுத்தைப் பரபரவென்று சொறிந்தார். தடிப்புத் தடிப்பாய் வீங்கியிருந்தது. வீட்டுக்காரர் கையிலும் கடிதான், ஆனால் துளித் தடிப்பு இல்லை.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. தினம் கடிபட்டு அந்த எச்சில் அவர் உடம்புக்குப் பழகிவிட்டது. அதை முறிக்கும் சரக்கு அவர் ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த ரத்தத்தின் தெளிந்த நீரில்தானே நான் அணுக்களை வளர்க்கிறேன், அங்கே எச்சில் எப்படி வேலை செய்யும்!

"சார், கொஞ்சம் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"ரூமை மூடச் சொன்னா ரத்தத்தை உறியப் பாக்கறீங்களா?" என்றார். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அவருடைய அணுக்களில் எச்சில் கலந்தேன். ஒட்டுண்ணி மொய்த்துக் கிடந்தது. கலக்காத தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். தலைவர் தானே எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ரூம் இருக்கட்டும்" என்று போனார்.

வேலை பிழைத்தது. அதுவரை செய்ததெல்லாம் குப்பை. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

"அப்போ இத்தனை நாளா கெடுத்தது நான்தானா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? கூப்பிட்டதும் வர்றீங்களேன்னு உங்களையே குத்துனது நான்தான்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனார்.

"விடு. கொசுவுக்காவது என் ரத்தம் பிரயோஜனப்படுதே."

அவர் சிரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.