குறுக்கே நின்ற கப்பல்

சூயஸ் கால்வாயில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்ட படத்தை செமோர் ஊரில் எல்லாரும் ஃபோனில் பார்த்துச் சிரித்தார்கள். குமுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணவன் தர்மா, அதற்குப் பின்னால் காத்துக் கிடந்த இன்னொரு கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தான். அந்தப் பயணம் முடிந்ததும் வீட்டுக்கு வரவேண்டியவன்.

"அத்தனை இழுவைப் படகு நிக்குதே, இழுத்தா வராதாங்க?" வீடியோ காலில் கேட்டாள்.

"மூக்கு இந்தக் கரையில, வாலு அந்தக் கரையில. அடியில மண்ணு கவ்வியிருக்கு. சும்மா இழுத்தா எப்படி வரும்?"

"பின்ன எப்படித்தான் எடுப்பாங்க?"

"எனக்கு என்னா தெரியும்லா? எங்க கேப்டனே முழிக்கிறாரு."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் போனாள். ரப்பர் தோட்டமாக இருந்தபோது வெட்டிய மண் கால்வாய் ஒன்று அங்கே இன்னும் ஓடியது. தார் வெட்டி முடித்த வாழைமரத்தைச் சாய்த்து, இரண்டு முனையும் இரண்டு கரைச் சேற்றில் குத்தி நிற்கும்படி குறுக்கே அழுத்தினாள்.

பக்கத்து வீட்டு ஃபரீதா, ரொட்டிக் கடைக்குக் கிளம்பியவள், எட்டிப் பார்த்தாள். "என்னாடி பண்றே?"

"கப்பலை எடுக்கப் போறேன்க்கா."

ஃபரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் இறங்கினாள்.

அடிமரத்தில் கயிறு கட்டி இருவரும் இழுத்தார்கள். நுனி இன்னும் ஆழமாகப் புதைந்தது. மண்வெட்டியால் சேற்றை வாரினார்கள்; வாரிய இடத்தில் பக்கத்துச் சேறு சரிந்து வந்து நிரப்பியது. விடாமல் வாரி, மறுபடி இழுத்தபோது மரம் ஒரு சாண் அசைந்தது.

"அசையுது குமுதா, அசையுது!" என்று ஃபரீதா கூவினாள். அதோடு நின்றுவிட்டது.

அதற்குள் மலைப் பக்கம் கறுத்து, மழை கொட்டத் தொடங்கியது. கால்வாயில் தண்ணீர் ஏறியது. குமுதா கரையேறாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது லேசாக நடுங்கியது, அடி தூக்கிக்கொண்டது, தானாகவே திரும்பி, ஃபரீதாவின் கையிலிருந்த கயிற்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நனைந்தபடி இரண்டு பேரும் அதன் பின்னால் ஓடினார்கள்.

இரண்டு நாள் கழித்து தர்மா கூப்பிட்டான். "எடுத்துட்டாங்க குமுதா! நாங்களும் கிளம்பிட்டோம்."

"அங்க மழை பெஞ்சிச்சா?"

"பாலைவனத்துல ஏது மழை? மண்ணைத் தோண்டுனாங்க, இழுத்தாங்க. பௌர்ணமிக்குக் கடல் ஏறிச்சு, அதுவும் சேந்து தூக்கிருச்சு."

குமுதாவுக்குக் கயிற்றோடு ஓடிய வாழைமரம் கண்ணில் வந்தது. அவன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். மஞ்சள் மணற்கரை மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்கிறது, வருகிறான் என்று நினைத்ததும் கண் கலங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏங்க, தோண்டுன மண்ணையெல்லாம் எங்க கொண்டு போய்க் கொட்டுனாங்க?"

தர்மா தலையைச் சொறிந்தான். "அதை நான் கேக்கவே இல்லையே."

"கேட்டுட்டு வாங்க" என்றாள்.